அப்பச் சட்டியும் கடை வாங்கும்

உணவைப்பற்றி எழுதுதல் இலக்கியப் பக்கத்துக்கு ஏற்றதன்று எனக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். கம்பனையும் வள்ளுவனையும் ஆராயவேண்டிய இடத்திலே கூழுக்கும் பிட்டுக்கும் என்ன வேலை என்பது அவர்கள் வினா. அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் எதை உண்டது, எங்கே இருந்து உண்டது, யாரோடு இருந்து உண்டது என்னும் மூன்றையும் அறியாதவன் அச்சமுதாயத்தின் இலக்கியத்தையும் முற்ற அறிந்தவனாகான் என்பது என் துணிபு.

இவர்களுக்கு நேர் எதிராக, உணவின் சுவையைப் புகழ்வதையே தொழிலாகக் கொண்ட வேறொரு சாராரும் இன்று பெருகிவருகின்றனர். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ், பருத்தித்துறை வடை, பால் அப்பம், சந்தியடித் தேநீர்க் கடை, கிடுகு வேய்ந்த கள்ளுத் தவறணை என்று அவர்கள் நாவூற எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கும் நாவூறத்தான் செய்கிறது. ஆனால் மேலே கூறிய மூன்று வினாக்களுள் முதலாவதற்கு மட்டுமே அவர்கள் விடையிறுக்கிறார்கள். எங்கே இருந்து, யாரோடு இருந்து என்னும் மற்றை இரண்டையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அம்மறதியைப்பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். எழுதுமிடத்துப் பிறர்மீது பழிசுமத்தித் தப்பிக்கொள்ளும் எண்ணமும் எனக்கில்லை. அம்மறதியில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பம். பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மாவைச் சனிக்கிழமை மாலையிலே அம்மா குழைத்துவைப்பார். மா புளித்துப் பொங்குவதற்குக் கள் வேண்டும். இக்காலத்தில் ஈஸ்ற் என்றும் அப்பச்சோடா என்றும் கடையில் வாங்கிக் கலக்கிறோம். அவற்றால் மா பொங்குகிறது. ஆனால் கள் விட்ட அப்பத்தின் மெல்லிய புளிப்பும், அடுப்பில் வேகும்போது குசினி முழுதும் பரவும் மணமும் அவற்றால் வருவதில்லை. கரை முறுகி, நடு பஞ்சுபோல் இருக்க, அந்நடுவிலே தேங்காய்ப்பாலை வார்த்து மூடி, சற்றுப் பொறுத்து எடுத்த பால் அப்பத்துக்கு ஈடான காலையுணவை நான் இன்றுவரை உண்டதில்லை.

அந்தக் கள் எங்கிருந்து வந்தது? எங்கள் பின்வளவுப் பனைகளிலிருந்து வந்தது. நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு தொழிலாளி அப்பனைகளில் ஏறி, பாளையைத் தட்டிச் சீவி, முட்டியைக் கட்டி இறக்குவார். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவினால் ஊறும் நீர் புளியாது, அது கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாது விட்டால் அதுவே புளித்துக் கள்ளாகும். ஒரே மரம், ஒரே பாளை. இடையிலே விரலளவு சுண்ணாம்பு. இந்த நுட்பமெல்லாம் அறிந்த அவர் சனிக்கிழமை மாலைகளில் கோடிப்புறத்து வேலியருகே வந்து, "நாச்சியார்" என்று குரல்கொடுப்பார். அம்மாவிலும் பார்க்கப் பதினைந்து வயது மூத்தவர். அம்மா அவரை "நீ" என்றே அழைப்பார். போத்தலை நிலத்திலே வைத்துவிட்டு அம்மா விலகி நிற்க, அவர் அதற்குள் கள்ளை வார்த்துவிட்டு விலகுவார். பின்னர் அம்மா போத்தலை எடுத்துக்கொள்வார். அவர் இறக்கிய கள் எங்கள் குசினிக்குள் வந்தது; எங்கள் மாவோடு கலந்தது; விடிந்ததும் எங்கள் வயிற்றுக்குள்ளும் சென்றது. அவரோ ஒருநாளும் எங்கள் திண்ணையிலேகூட இருந்ததில்லை. சிறுவனாகிய எனக்கு அஃது ஒரு முரணாகத் தோன்றவேயில்லை. மழை மேலிருந்து பெய்வதுபோல அதுவும் இயற்கை என்றே எண்ணியிருந்தேன்.

அத்தொழிலாளியின் மகனும் நானும் ஒரே பாடசாலையில் ஒரே வகுப்பில் படித்தோம். கணக்கில் அவன் என்னிலும் கெட்டிக்காரன். பாடசாலை விட்டதும் வழிபிரிந்து, அவன் குறிச்சிக்கு அவனும் என் குறிச்சிக்கு நானும் போவோம்.

எங்கள் ஊர்ச் சந்தியிலே ஒரு தேநீர்க் கடை இருந்தது. அதன் பெயரும் உரிமையாளர் பெயரும் இங்கு வேண்டா. அக்காலத்தில் அத்தகைய கடை ஒவ்வோர் ஊரிலும் இருந்தது. வாயிலிலே வாழைக்குலை தொங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் வாய்ப்பனும் அடுக்கியிருக்கும். உள்ளே நீண்ட இரண்டு வாங்குகள், ஒரு மேசை, சுவரிலே சுவாமி படம், மூலையிலே எந்நேரமும் கொதிக்கும் கேத்தில். தந்தையார் என்னை அழைத்துப்போய் அந்த வாங்கிலே இருத்தி, வடையும் தேநீரும் வாங்கித்தருவார். பெரியவர்களின் பக்கத்தில் இருந்து பத்திரிகைச் செய்தியும் ஊர்வம்பும் கேட்பது எனக்குப் பெருமையாயிருந்தது. சொல்லப்போனால், உலகம் என்ற ஒன்று உண்டென்பதை நான் பள்ளிக்கூடத்திலே கற்றதிலும் அந்த வாங்கிலே கற்றதே அதிகம்.

அக்கடையின் பக்கத்துத் தாழ்வாரத்திலே, கூரை மரத்திலே, இரண்டு தகரப் பேணிகளும் ஒரு சோடாப் போத்தலும் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. அவை சிலருக்கென்றே உள்ளவை. அவர்கள் தாமே அவற்றை எடுத்து நீட்டவேண்டும். தேநீரை உயர இருந்து வார்ப்பார்கள். நின்றபடியே குடித்துவிட்டுத் தாமே கழுவித் தொங்கவிட்டுப் போகவேண்டும். காசு மட்டும் ஒரே காசு.

நான் சொல்வது 1960ஆம் ஆண்டளவில். சாதி காரணமாக ஒருவரை உணவுச்சாலை முதலிய பொது இடங்களில் தடைசெய்வது குற்றமெனச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் கொழும்பிலே புத்தகத்திலிருந்தது; போத்தல் எங்கள் சந்தியிலே கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மாலை நானும் தந்தையாரும் வாங்கில் இருக்கும்போது என் வகுப்புத் தோழன் அத்தாழ்வாரத்துக்கு வந்தான். தகரப் பேணியை எடுத்து நீட்டினான். தேநீர் வார்க்கப்படும் வேளையில் உள்ளே பார்த்தான்; என்னைக் கண்டான். நானும் அவனைக் கண்டேன். அன்று காலையிலேதான் ஒரே வாங்கில் இருவரும் இருந்து பின்னக் கணக்குச் செய்திருந்தோம். நான் தலையைக் குனிந்து வடையைத் தின்றேன். அவன் மறுபுறம் திரும்பிநின்று குடித்துவிட்டுப் போனான். மறுநாட் பாடசாலையில் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அதன் பின்பு எவ்வளவோ பேசினோம், அதைப் பேசவில்லை.

இதன் பின் நடந்தவை வரலாறு. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளி நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் மீறிச் சென்றது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் குடாநாட்டின் பல ஊர்களில் தேநீர்க் கடைப் பிரவேசங்களும் ஆலயப் பிரவேசங்களும் நிகழ்ந்தன. ஒரு வாங்கிலே இருந்து ஒரு கிளாசிலே தேநீர் குடிப்பதற்காக அடிபட்டோர் உளர், வீடிழந்தோர் உளர், உயிரிழந்தோரும் உளர். கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் அக்காலத்தின் நெருப்பை ஏந்திநிற்கிறது. டொமினிக் ஜீவாவின் சிறுகதைகளும் அம்மனிதர்களையே பேசின. நம்முடைய எழுத்தாளர்களுக்குத் தேநீர்க் கடை ஒரு போர்க்களமாயிருந்தது. இன்றைய உணவு ரசிகர்களுக்கோ அது வெறும் வாய்ப்பன் விற்கும் இடம்.

என் தோழனும் அந்நாட்களில் வேறு சிலரோடு எங்கள் சந்திக் கடைக்குள் நுழைந்து வாங்கிலே இருந்தான். அப்போது நான் ஊரில் இல்லை. ஆசிரிய கலாசாலையில் இருந்தேன். கடை ஒரு கிழமை பூட்டிக் கிடந்ததென்றும், திறந்தபோது கூரையிலே போத்தல் இல்லையென்றும் கேள்விப்பட்டேன்.

தவறணையைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இச்சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. ஆசிரியன் தவறணைக்குப் போனதை எழுதலாமா என்று அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. விடுமுறை நாட்களில் நான் போயிருக்கிறேன். காய்ந்த பனையோலை மணம், வடலிநிழல், பிளாவிலே நுரைக்கும் கள், பக்கத்திலே பொரித்த கணவாயும் அவித்த மரவள்ளிக்கிழங்கும். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை மறுப்பவன் நானல்லன். சம்பளநாளன்று தவறணை வாசலில் பிள்ளையோடு காத்துநின்ற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். ஆயினும் அவ்விடத்துக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பிளா என்பது பனையோலையைக் கோலிச் செய்யும் பாத்திரம். ஒருமுறை குடித்ததும் எறிந்துவிடலாம். தனிப் பேணி வைக்கவும் கழுவிக் கட்டித்தூக்கவும் அதில் இடமில்லை. ஆகவே தேநீர்க் கடையிலே சாதி பார்த்தவர்கள், மரத்தடியிலே அதே தொழிலாளியின் கையால் கள்ளை வாங்கி, அவரோடு சிரித்துப் பேசிக் குடித்தார்கள். வீடு திரும்பியதும் அவரை வேலிக்கு அப்பால் நிறுத்தினார்கள். தாகத்துக்கு இல்லாத தீட்டு நாற்காலிக்கு உண்டு என்பதை அங்கேதான் நான் முதன்முதலில் விளங்கிக்கொண்டேன்.

இனி வீட்டு அடுப்புக்கு வருவோம். கடைச் சாப்பாடு பெருகியதனால் வீட்டுச் சமையல் அழிந்துபோயிற்று, குடும்பக் கட்டுப்பாடு குலைந்துபோயிற்று என்று குறைகூறுவோர் பலர். அவர்களுட் பெரும்பாலார் ஆண்கள் என்பது கவனிக்கத்தக்கது. என் மனைவியாரும் ஆசிரியை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்துக்குப் பாடசாலைக்குப் புறப்பட்டோம்; ஆனால் அவர் நாலு மணிக்கு எழுந்தார், நான் ஆறு மணிக்கு எழுந்தேன். பிட்டுக்கு மா குழைத்து, தேங்காய் துருவி, சம்பல் இடித்து, சொதி வைத்து முடிக்கும் அந்த இரண்டு மணிநேரத்தையும் 'கைப்பக்குவம்' என்ற ஒரு சொல்லால் நான் புகழ்ந்து தீர்த்துவிட்டேன். ஒருநாட் காலை அவர் சுகமில்லாது கிடந்தபோது கடையிலே இடியப்பப் பார்சல் வாங்கி வந்தேன். "இதை முந்தியே செய்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். புகழ்ச்சிக்கு விலை எவ்வளவு என்று அன்று அறிந்தேன்.

இளைப்பாறிய பின்பு நான் சமையல் கற்றேன். கற்றது முதலில் ஒடியற்கூழ். பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது முன்னதை இடித்த மா. அம்மாவை நீரிலே ஊறவிட்டு மேல்நீரை வடித்து மாற்றினாலன்றி அதன் கைப்பு நீங்காது. முதன்முறை அவசரப்பட்டு வடிக்காமற் காய்ச்சினேன், பானையோடு கொட்டநேர்ந்தது. கொதிநீரிலே பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை முதலில் அவியவிட்டு, பின்னர் மீன், நண்டு, இறால் இட்டு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டையும் பழப்புளிக் கரைசலையும் சேர்த்து, ஈற்றிலே மாவைக் கரைத்து ஊற்றித் துழாவவேண்டும். முருங்கையிலை இறக்கும் தறுவாயில். கூழ் தனியொருவனுக்குக் காய்ச்சும் உணவன்று. பானை பெரிதாயிருக்கவேண்டும், சுற்றிலும் ஆட்கள் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஆண்கள் உண்டபின் பெண்கள் உண்பது வழக்கம். கூழ் காய்ச்சும் நாளில் மட்டும் எல்லோரும் முற்றத்தில் ஒன்றாயிருந்து குடித்தோம்.

அத்தகைய ஒரு பானையை நான் மறக்கமுடியாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். அதற்கு முன்னரே பொருளாதாரத் தடையால் சீனியின்றி, பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்துப் பழகியிருந்தோம். தென்மராட்சியில் ஒரு தென்னந்தோப்பிலே கொட்டில் போட்டோம். பக்கத்துக் கொட்டிலில் என் தோழனின் குடும்பம். சில நாட்களின் பின் எங்கிருந்தோ ஒடியல்மாவும் சிறிது கருவாடும் கொண்டுவந்து அவன் கூழ் காய்ச்சினான். பிளாவும் அவனே கோலினான். எண்பதை அணுகிய என் தாயார் அவன் கையால் பிளாவை வாங்கி இரண்டுமுறை குடித்தார். "உப்பும் உறைப்பும் கணக்கா இருக்கு மோனை" என்றார். அவரை 'மோனை' என்று அம்மா அழைத்ததை அன்றே கேட்டேன்.

அன்றிரவு அடுப்புத் தணலருகே நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பேசாததை அவனே பேசினான்.

"வாத்தியார், அண்டைக்குக் கடையிலை நீங்கள் எழும்புவியள் எண்டு பாத்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. நான் என்ன விடை சொல்லமுடியும்? உள்ளே வா என்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் அழைத்திருக்கமுடியாது என்று வாதாடலாம். ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய் அவன் பக்கத்தில் நிற்பதற்கு எந்தச் சட்டமும் எந்தக் கடைக்காரரும் என்னைத் தடுத்திருக்கமாட்டார்கள்.

இதனை ஓர் இனிய முடிவாக நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதற்கு அப்பாலும் நடந்தது. 1996இல் ஊர் திரும்பினோம். அவன் வீட்டிலிருந்து இரவல் வாங்கிவந்த சட்டியொன்று எங்களிடம் இருந்தது. அம்மா அதைப் புளிபோட்டு விளக்கி, குசினிக்குள் மற்றைச் சட்டிகளோடு வைக்காமல், வெளியே தாவாரத்தில் தனியே வைத்தார். நான் கண்டேன். அன்றுதான், காலம் கடந்து, எழுந்தேன். அச்சட்டியை உள்ளே கொண்டுவந்து அடுப்பில் வைத்து அரிசி போட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைய சோற்றைச் சிறிது தாமதித்தே உண்டார்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. வீட்டு அடுப்பு நமக்கு நாவைத் தந்தது, அதற்கு நன்றி. ஆனால் வீடு வேலியுடையது. யாரை உள்ளே விடுவது என்பதை வீட்டுக்காரன் தீர்மானிக்கிறான். காசு கொடுத்த எவரும் வந்து இருக்கக்கூடிய வாங்கு கடையிலேதான் முதலில் கிடைத்தது. அதுவும் இலகுவிற் கிடைக்கவில்லை. அதனால் ஊர்க் கடையை வீட்டுச் சமையலுக்கு எதிரியென்று ஏசுவதை நான் ஒப்புக்கொள்ளேன். கடை இல்லாதிருந்தால் நம்மிற் பலர் அயலவனோடு ஒரு மேசையில் இருந்து உண்ணாமலே வாழ்ந்து முடிந்திருப்போம்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வட மாகாணத்து விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு 'அம்மாச்சி' என்ற பெயரில் உணவகங்கள் திறக்கப்பட்டன. திருநெல்வேலியிலுள்ளதற்கு நான் போவதுண்டு. பெண்கள் நம் கண்முன்னே தோசை சுடுகிறார்கள், பிட்டு அவிக்கிறார்கள். சுவை வீட்டுச் சுவைதான். வேறுபாடு என்னவெனில், அந்தக் கைப்பக்குவத்துக்கு இங்கே காசு கொடுக்கப்படுகிறது. பல்கலைக்கழக மாணவரும் கூலித் தொழிலாளரும் உத்தியோகத்தரும் ஒரே வரிசையில் நின்று வாங்கி, இடம் கண்ட இடத்தில் இருந்து உண்கிறார்கள். யார் மகன் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டின் நல்லதும் கடையின் நல்லதும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதை அங்கே காண்கிறேன். சாதி ஒழிந்துவிட்டதென்று இதனால் முடிவுகட்ட நான் துணியேன். கூரையிலே தொங்கிய போத்தல் போயிற்று. கலியாணம் பேசும் இடத்திலும் சில கோயில் வீதிகளிலும் அது கண்ணுக்குத் தெரியாமற் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நமது பாரம்பரிய உணவு' என்று மாணவருக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். அவர்களும் கூழின் சத்தையும் பனையின் பயனையும் அழகாக எழுதித் தருகிறார்கள். அடுத்தமுறை அத்தலைப்போடு இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கொடுங்கள்: உங்கள் பாட்டனார் காலத்தில் அந்த உணவுக்கான பொருளைத் தந்தவர் யார்? அவர் எங்கே நின்று உண்டார்? பிள்ளைகள் வீட்டிற்போய்ப் பெரியவர்களைக் கேட்கட்டும். பெரியவர்கள் சற்றுநேரம் பேசாதிருந்தால், அந்த மௌனத்தையும் கட்டுரையில் எழுதலாம் என்று சொல்லுங்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அப்பம் உண்டு. நான்தான் சுடுகிறேன். சனிக்கிழமை மாலையில் என் தோழன் ஒரு சிறு போத்தலிற் கள் கொண்டுவருவான். முன்வாசலால் வந்து, குசினிக்குள்ளே பலகையை இழுத்துப்போட்டு இருப்பான். என் மாப்பதத்தில் அவனுக்கு ஒருநாளும் திருப்தியில்லை. "தண்ணி கூடிப்போச்சு, வாத்தியார்" என்பான். அவன் சொல்வது சரியாகவே இருக்கும்.